பலாப்பிஞ்சு ரியெத்

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. நீலகிரித் தைலம்: மூக்குக்குள் குளிர்ச்சி மட்டும். வாசனை இல்லை.

இந்த நோட்டை மூக்கு டாக்டர் வாங்கச் சொன்னார். நாலு பொருளையும் காலையும் மாலையும் முகர்ந்து, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுத வேண்டுமாம். “மூணு மாசத்துல வரலாம், ஆறு மாசத்துல வரலாம், சில பேருக்கு…” என்று இழுத்தார். மூன்றாவதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நாலு வரி எழுதினால் பக்கத்தில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் கடை நடத்தியவனுக்கு அது பொறுக்கவில்லை. மற்றதையும் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சவரிராயலு. மிஷன் வீதியிலிருந்து பிரியும் சந்தில், பிரெஞ்சு முறையில் பன்றிக்கறி பதம் செய்து விற்கும் கடை என்னுடையது. பதினாலு வயதில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனேன். கழுவுவதற்கு முன் ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு விரல் வழித்து நக்கிக் கற்றுக்கொண்ட தொழில் இது. வேறு பள்ளிக்கூடம் எனக்குக் கிடையாது. பொங்கலுக்கு முன் வந்த காய்ச்சலில் மூக்கு போய்விட்டது. நாக்கில் உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, கசப்பு தெரிகிறது. மற்றதெல்லாம் பஞ்சைத் தின்கிற மாதிரி.

இது யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. கண் தெரியாத டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸில் யார் ஏறுவார்கள்?

நல்லவேளையாக இன்று தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் நான் கறி தொடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். “ருசி பார்த்தீங்களா?” என்று யாராவது கேட்டால், “தவக்காலம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஈஸ்டர் ஏப்ரல் ஐந்து. அதற்குள் மூக்கு வந்துவிடும்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாலும் இல்லை.

மதாம் சொலான்ஜ் வந்தாள். டூமா வீதியில் ஒன்பது அறை விடுதி வைத்திருக்கிறாள். இந்த ஊருக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. தமிழில் பேரம் பேசுவதில் என்னையே தோற்கடிப்பாள். அரைத்த கறியை அச்சில் வேகவைத்துத் துண்டு போடுகிற பாத்தேயை ஜனவரிக் கடைசியிலிருந்து வாங்கவில்லை. உடம்பு இளைக்கப் பார்க்கிறாளோ என்னவோ. இன்றும் பாத்தே பக்கம் திரும்பவில்லை. வேறு சங்கதி கொண்டுவந்தாள்.

“சவரி, என் விருந்தாளி பாதிப் பேர் இப்போ கறி சாப்பிடறதில்லே. பால், வெண்ணெய்கூட வேணாம்னு சொல்றாங்க. ஆனா காலையில ரொட்டிமேல தடவ ரியெத் இல்லியேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கறாங்க. நீ காய்கறியில ஒரு ரியெத் பண்ணேன்.”

“மதாம், அது மீன் போடாத மீன் குழம்பு.”

“அதையும் பண்ணு, வாங்கிக்கறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஈஸ்டர் காலையில் இருபத்திரண்டு பேர் சாப்பிட உட்காருகிறார்களாம். நன்றாக இருந்தால் வருடம் முழுக்க அவள் விடுதிக்கு நான்தான் போடுவேன். இல்லையென்றால் பம்பாயிலிருந்து டின் வரவழைப்பாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வசதியில்லை. பன்றிக்கறி வாங்குகிறவர்கள் எல்லாம் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள். வருடத்துக்கு ஐந்து பேர் உப்பளம் கல்லறைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு பர்கர் போதும். புதுச் சரக்கு ஒன்று கைக்கு வராவிட்டால் இரண்டு வருடத்தில் நானே ஷட்டரை இறக்கிவிடலாம்.

ஆனால் அவள் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். “இது கறி இல்லே. தவக்காலத்துல நீயே ருசி பார்க்கலாம்!”

அதுதான் பிரச்சினை.

பிப்ரவரி 23, திங்கள்

நாலும் இல்லை.

ரியெத் என்பது இதுதான். கொழுப்போடு கூடிய பன்றிக்கறியைப் பெரிய துண்டாக வெட்டி, அதன் கொழுப்பிலேயே சின்னத் தீயில் ஐந்து மணி நேரம் வேகவிட வேண்டும். நார் நாராகப் பிரியும் பதத்தில் முள்கரண்டியால் கிழித்து, ஜாடியில் அழுத்தி, மேலே உருகிய கொழுப்பை ஊற்றி மூட வேண்டும். மூன்று நாள் கழித்துத்தான் திறக்கலாம். கொழுப்பு மூடி போட்டால்தான் உள்ளே இருப்பது கெடாது, ருசியும் ஏறும்.

காய்கறியில் அந்த நார் எதற்கு வரும்? பலாப்பிஞ்சைத் தவிர எனக்கு வேறு தோன்றவில்லை. பண்ருட்டியிலிருந்து எட்டுப் பிஞ்சு வந்தது. வெட்ட உட்கார்ந்தேன். கத்தி, கை, முழங்கை, மூக்குக் கண்ணாடி எல்லாம் பால் ஒட்டிப் பிசின். பன்றியை வெட்டுவது இதைவிடச் சுத்தமான வேலை.

ஜெரோமின் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி எழுத வேண்டும். என் மகன் ஜெரோம் கப்பலில் எஞ்சினியர். போன ஆனியில் என்னிடம் சொல்லாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். பெண் சிதம்பரம். அப்பா சைவ மெஸ் நடத்துகிறார். வெங்காயம் பூண்டு உண்டு, அதோடு சரி. முட்டைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லையாம். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மருமகள்! ஜனவரிக் கடைசியில் இவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் கப்பல் ஏறிவிட்டான். என் மனைவி புஷ்பம் இருந்திருந்தால் பேச்சுக் கொடுத்திருப்பாள். எனக்கு வரவில்லை. இவள் சமைத்து வைப்பாள், நான் சாப்பிடுவேன், அவ்வளவுதான்.

“மாமா, கையில எண்ணெய் தடவிக்கிட்டு வெட்டினா ஒட்டாது.”

“தெரியும்.”

தெரியாது. அவள் ஒரு கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தடவிக்கொண்டேன். ஒட்டவில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

நாலும் இல்லை.

தோல்வி. சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன்.

பிஞ்சை வேகவைத்துப் பிழிந்து, கிழித்து, தைம் தழை, பிரிஞ்சி இலை, மிளகு, ஜாதிக்காய் எல்லாம் பன்றிக்குப் போடுகிற அளவிலேயே போட்டேன். கொழுப்புக்கு, மார்க்கெட்டில் அன்றைக்கு ஆட்டிய செக்குத் தேங்காயெண்ணெய். பார்வைக்கு அசல் ரியெத்தேதான். நார் வந்திருந்தது, மினுமினுப்பும் வந்திருந்தது. மூன்று நாள் ஐஸ்பெட்டியில் வைத்து இன்று மதாமிடம் கொண்டுபோனேன்.

அவள் ஜாடியைத் திறந்தவுடன் சிரித்துவிட்டாள்.

“சவரி! இது பாலக்காட்டு அவியல். ரொட்டிமேல எதுக்குடா அவியல்?”

“கொஞ்சம் தேங்காய் வாசனை இருக்கும்னு…”

“கொஞ்சமா? தெருக்கோடியில நின்னா அடிக்குது. உன் மூக்கை எங்கே அடகு வெச்சே?”

வேடிக்கைக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். சளி என்றேன். திரும்பி வரும் வழியில் ஜாடியைக் கடற்கரைக் குப்பைத்தொட்டியில் போடப் போய், மனசு வராமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஜெரோமின் பெண்டாட்டி அதைத் தோசைக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டாள். “நல்லாத்தான் மாமா இருக்கு, ஆனா அவியல் மாதிரி” என்றாள்.

மார்ச் 2, திங்கள்

நாலும் இல்லை. ரோஜாவை மாற்றிப் பார்த்தேன். கடைக்காரர் புதுப் பூ என்று சத்தியம் செய்கிறார்.

திலகவதி (அவள் பெயர்) இன்று தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அந்த ரியெத்து அசல்ல எப்படி இருக்கும் மாமா? நான் சாப்பிட்டதில்ல. சாப்பிடவும் மாட்டேன். வாயால சொல்லுங்க.”

வாயால் எப்படிச் சொல்வது? முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் கண்ணை மூடி, என் பதினாலு வயதையும் அந்தப் பாத்திரத்தையும் விரலையும் நினைத்துப் பார்த்தேன்.

“மொதல்ல உப்பு. கல்லுப்பு இல்ல, உள்ள ஊறின உப்பு. ஒடனே கொழுப்பு உருகும். நாக்குல போனதும் காணாமப் போயிடும், பிசுபிசுன்னு நிக்கக் கூடாது.”

“நெய் உருக்கி ஊத்தின பருப்பு சாதம் மாதிரி.”

“இன்னும் கனம். அப்புறம் ஒரு இனிப்பு வரும், சக்கரை இனிப்பு இல்ல…”

“வெங்காயம் ரொம்ப நேரம் வதங்கின இனிப்பா?”

“கிட்ட வந்துட்ட. அதுக்கும் அடியில கருப்பா ஒண்ணு இருக்கும். தீயல, ஆனா தீயப் போற எடம்.”

அவள் யோசித்தாள். “நெய் காய்ச்சினா சட்டியடியில கசண்டு நிக்குமே, அதுவா?”

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதுவேதான்! நாற்பத்தேழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், எனக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை. ஒரு துண்டு கறி தொடாதவளுக்குக் கிடைத்துவிட்டது.

“கடைசியில, முழுங்கின பிற்பாடு, தொண்டையில ஒண்ணு நிக்கும். கொஞ்சம் நாத்தம்னுகூடச் சொல்லலாம். நல்ல நாத்தம்.”

“அதை யோசிக்கணும்” என்று எழுந்து போனாள்.

மார்ச் 6, வெள்ளி

நாலும் இல்லை.

செக்கெண்ணெய்க்குப் பதில் வாசனை நீக்கிய தேங்காயெண்ணெய். திலகவதி முகர்ந்து பார்த்து, “ஒரு வாசனையும் இல்ல மாமா” என்றாள். (எனக்கு எதிலும்தான் இல்லை.) வெங்காயத்தை இரண்டு மணி நேரம் வதக்கினாள். முந்திரியைக் கருக வறுத்து அரைத்துச் சேர்த்தாள், கசண்டு ருசிக்கு.

பதினொரு மணிக்கு மேசையில் வைத்த ஜாடி, பன்னிரண்டு மணிக்குள், மேலே எண்ணெயும் கீழே கூட்டுமாக நின்றது. இந்த ஊர் மார்ச் மாத வெயிலில் தேங்காயெண்ணெய் உறையுமா? என் புத்தியை என்ன சொல்ல. பன்றிக்கொழுப்பு இருக்கிறதே, அது மரியாதை தெரிந்த கொழுப்பு. வாய்க்குள் போகும்வரை நிற்கும்.

வனஸ்பதி போடலாம் என்றேன். “அண்ணத்துல ஒட்டும் மாமா, எங்கப்பா மெஸ்ஸுக்குள்ளயே விடமாட்டாரு” என்றாள். முன்பின் பார்த்திராத சம்பந்தி எனக்குத் தொழில் சொல்லித் தருகிறார்.

மார்ச் 10, செவ்வாய்

நாலும் இல்லை.

மகா கோபத்தில் எழுதுகிறேன்.

முசே லெயோன் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். “எனக்குத் தவக்காலம் எழுபத்தெட்டு வயசோட முடிஞ்சிபோச்சு சவரி, அரைக்கிலோ பாத்தே வெட்டு” என்றார். தட்டை எடுத்துக் கத்தி வைக்கப் போனேன். உள்ளேயிருந்து ஜெரோமின் பெண்டாட்டி விடுவிடுவென்று வந்தாள். கறி இருக்கும் பக்கமே வராதவள் தட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“மன்னிச்சுக்குங்க சார், இது வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சது.”

“இன்னா வேற ஒருத்தருக்கு? எவனுக்கு?” என்று கத்தினேன்.

தட்டோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். முசே லெயோன் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்து, “மருமக வந்தா கடை மருமகளுதுதான்” என்று சிரித்துக்கொண்டே போனார். பின்னால் போய்ப் பார்த்தால் அத்தனை பாத்தேயும் குப்பையில். அவள் கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மின்வாரிய வேலை என்று பகல் முழுக்கக் கரண்ட் இல்லைதான். அதற்காக? ஐஸ்பெட்டி தாங்காதா? பார்க்கச் சரக்கு பளிச்சென்றுதான் இருந்தது. ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஜெரோம் போன் செய்தால் சொல்லியாக வேண்டும். வாந்தி எடுத்ததைப் பார்த்தால் ஒருவேளை விசேஷமோ? அப்படியென்றால் திட்டியது தப்பு.

மார்ச் 11, புதன்

இன்று யாரோடும் பேசவில்லை. நாலையும் முகரவில்லை.

மார்ச் 12, வியாழன்

எடுத்து வைத்த துண்டைச் சந்துப் பூனைக்குப் போட்டேன். பதினோரு வருடமாக என் கடை வாசலில் தின்று கொழுத்த பூனை. நான் போட்டதை ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை.

கிட்டே வந்தது. முகர்ந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

முசே லெயோனுக்கு எழுபத்தெட்டு வயது. தனியாக இருக்கிறார். அரைக்கிலோவையும் அவரே தின்றிருப்பார்.

மார்ச் 13, வெள்ளி

கடையை மதியமே மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். திலகவதி பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

அவள் எதை என்று கேட்கவில்லை. “நான் வந்த மூணாம் நாள்லேர்ந்து மாமா. அன்னிக்குப் பால் அடிப்பிடிச்சுத் தீஞ்சுபோச்சு. வேற பால் இல்ல. பயந்துக்கிட்டே அதுலயே காப்பி போட்டுக் குடுத்தேன். நீங்க குடிச்சிட்டு இன்னொரு டம்ளர் கேட்டீங்க.”

“உங்கிட்ட மூஞ்சியக் காட்ட வேணாம்னுதான்…”

“நான் மொதல்ல, மாமா எவ்வளவு நல்ல மனுஷர், புதுசா வந்த பொண்ணு மனசு நோகக் கூடாதுன்னு குடிக்கிறாருன்னு நெனச்சேன். அப்படியே அழுதுட்டேன். ஒரு வாரம் கழிச்சுத்தான் இது மூக்கு விஷயம்னு புரிஞ்சுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளுக்கும் வந்தது. புஷ்பம் போன பிறகு அந்தச் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்ததில்லை.

“ஜெரோமுக்கு?”

“சொல்லல. நீங்க சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?”

“அன்னிக்கு வாந்தி…”

“ஐயோ மாமா, அந்த நாத்தத்துக்கு யாரா இருந்தாலும் எடுப்பாங்க.”

விசேஷம் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இனிமேல் கடையிலிருந்து வெளியே போகும் எதுவும் அவள் முகராமல் போகக் கூடாது என்று சொன்னேன். கறியை அவள் தொட வேண்டாம், தட்டை நான் பிடித்துக்கொள்வேன், அவள் எட்ட நின்று முகர்ந்தால் போதும். தலையாட்டினாள். அவளுக்கு அது எவ்வளவு சங்கடம் என்று தெரியும். கேட்டேன், செய்கிறேன் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் 17, செவ்வாய்

நாலும் இல்லை.

கொழுப்புக்கு வழி கிடைத்தது. காந்தி வீதிக்குப் பின்னால் ஒரு சாக்லேட் பட்டறை. அங்கே கொக்கோ வெண்ணெய், வாசனை எடுத்தது, கட்டியாக விற்கிறார்கள். மேசையில் வைத்திருந்தால் உருகாது, வாயில் போட்டால் உருகிவிடுகிறது. தேங்காயெண்ணெய் மூன்று பங்கு, இது இரண்டு பங்கு. மதியம் வெயில் விழும் ஜன்னலில் வைத்தோம். கொஞ்சம் இளகியது, ஆனால் நின்றது. மரியாதை தெரிந்த கொழுப்பு.

நான் விரலால் தேய்த்துப் பதம் சொல்கிறேன், அவள் நாக்கால் ருசி சொல்கிறாள். நார் நீளமா, ஈரம் அதிகமா, கத்தியில் எப்படி இழுபடுகிறது, இதெல்லாம் என் பாடு. மூக்கு போனாலும் விரல் போகவில்லை. இந்த வயதில் இது ஒரு கண்டுபிடிப்பு.

மார்ச் 21, சனி

நாலும் இல்லை.

அந்த “நல்ல நாத்தம்” மட்டும் வரவில்லை. ஏழு முறை செய்தாகிவிட்டது. காளானைக் கருக வறுத்துப் பொடித்துப் போட்டாள். “மண் வாசனை வருது மாமா, நீங்க சொன்னது இது இல்லியே?” இல்லை. மண் வேறு.

மார்ச் 24, செவ்வாய்

வந்துவிட்டது!

எங்கள் வீட்டுப் பரணில் புஷ்பம் போட்டு வைத்த வடகம், நாலு வருடத்துச் சரக்கு. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம் எல்லாம் இடித்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டி, நாளெல்லாம் வெயிலில் காயவைத்துப் புளிக்க வைத்தது. அவள் போன பிறகு அந்த ஜாடியை நான் திறக்கவில்லை. எறியவும் இல்லை.

திலகவதி ஏதோ தேடி ஏறினவள் ஜாடியோடு இறங்கி வந்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். முகம் மாறியது.

“மாமா, தொண்டையில நிக்கிற நல்ல நாத்தம்னீங்களே…”

ஒரு உருண்டையில் கால்வாசி. எண்ணெயில் பொரித்து, பொடித்து, ஜாடிக்கு ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போட்டால் குழம்பாகிவிடும். அவள் ருசி பார்த்தாள். கண்ணை மூடி, நான் மார்ச் இரண்டாம் தேதி சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னாள். உப்பு, ஊறினது. கொழுப்பு, காணாமல் போகிறது. இனிப்பு. கசண்டு. முழுங்கின பிறகு அது.

“நிக்குதா?” என்றேன்.

“நிக்குது மாமா.”

நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். எனக்குப் பஞ்சுதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

நாலும் இல்லை. ஆறு வாரம் ஆகப்போகிறது. டாக்டரிடம் போனேன். “விடாம முகருங்க” என்றார். மூன்றாவதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோயிலிலிருந்து ஓலைக் குருத்து கொண்டுவந்தேன். திலகவதி வாங்கிச் சிலுவையாக மடிக்கப் பார்த்தாள், கிளி வந்தது. அதையே வாசலில் செருகி வைத்திருக்கிறேன்.

மதாம் புதன்கிழமை கடைக்கு வந்து ருசி பார்க்கிறாள். ஒன்று முடிவு செய்தேன். அன்றைக்குத் திலகவதி பின்கட்டில் இருப்பதுதான் நல்லது. நான் செய்ததாகவே இருக்கட்டும். பன்றிக்கறியை நாக்கில் வைக்காதவள் செய்த ரியெத் என்றால் எந்த பிரெஞ்சுக்காரி வாங்குவாள்? வியாபாரம் என்றால் வியாபாரம். அவளிடம் சொன்னேன். “சரி மாமா” என்றாள். ஒரே வார்த்தை. ஆனால் அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்த ஒரே வார்த்தைதான்.

ஏப்ரல் 1, புதன்

பத்து மணிக்கு மதாம் வந்தாள். ரொட்டியை அவளே கொண்டுவந்திருந்தாள், என் ரொட்டியை நம்பவில்லை. ஜாடியைத் திறந்தாள், முகர்ந்தாள். சிரிக்கவில்லை. கொழுப்பு மூடியைக் கத்தியால் விலக்கி, தடவி, கடித்தாள். மென்றாள். எனக்குக் கல்லாப்பெட்டி விளிம்பைப் பிடித்த கை வலித்தது.

இன்னொரு வாய் கடித்தாள். அப்புறம் மூன்றாவது.

“சவரி,” என்றாள், “பன்றி இல்லே, எனக்குத் தெரியுது. ஆனா என் அம்மா சமையலறைக்குப் போயிட்டு வந்துட்டேன். நடுவுல இந்த ஊர்த் தெருவும் ஒண்ணு வருது. எப்படிடா? உன் நாக்கு கில்லாடி நாக்கு.”

சரக்கு விற்றாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் கேட்கிறாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டே முன்கட்டில் நடப்பதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்த ஸாஸை அந்தப் பிரெஞ்சுக்காரர் விருந்தாளிகளிடம் தன் கைப்பக்குவம் என்று சொன்ன நாள் இன்னும் மறக்கவில்லை.

“திலகா, இங்க வாம்மா” என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“மதாம், எனக்கு ஜனவரியிலேர்ந்து மூக்கு இல்ல. ஒரு எழவு வாசனையும் தெரியாது. இது இவ நாக்கு. என் மருமக. ஜென்மத்துல பன்றிக்கறி தொட்டதில்ல, தொடவும் மாட்டா. இப்ப சொல்லுங்க, வேணுமா, பம்பாய் டின்னா?”

மதாம் என்னைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

“சாப்பிட்டதே இல்லியா? அப்போ எப்படி?”

“மாமா சொன்னாங்க, நான் கேட்டுக்கிட்டேன்” என்றாள் திலகவதி.

மதாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அதான் விஷயமா! ஜனவரியில நீ குடுத்த பாத்தே, சவரி, வாயில வெச்சா பல் டாக்டர் வீடு மாதிரி கிராம்பு. நான் மொத்தத்தையும் கொட்டினேன். கிழவனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, சொன்னா மனசு உடைஞ்சிடும்னு வாங்கறதை நிறுத்திட்டேன்.”

“அப்புறம் எதுக்கு இதைச் செய்யச் சொன்னீங்க?”

“கறி வாங்கலேன்னா உன்னைப் பார்க்க வேற சாக்கு வேணாமா?”

நான் மட்டும் ஒளிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஊரே எனக்காக ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறது. பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

மதாம் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். இருபது ஜாடி, சனிக்கிழமை. அதற்குப் பிறகு வாரம் பன்னிரண்டு. வாசலில் நின்று திரும்பினாள். “ஜாடியில இந்தப் பொண்ணு பேரும் இருக்கணும். இல்லேன்னா வாங்கமாட்டேன்.” பேரத்தில் இவளிடம் நான் எப்போது ஜெயித்திருக்கிறேன்?

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஒருசந்தி. ஒருவேளைக் கஞ்சி. திலகாவும் என்னோடு ஒருசந்தி இருந்தாள், நான் கேட்கவில்லை. மாலையில் கூடத்தில் உட்கார்ந்து லேபிள் எழுதினோம். “பலாப்பிஞ்சு ரியெத். திலகவதி – சவரிராயலு.” அவள் பெயரை முதலில் எழுதியது அவள் இல்லை, நான்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. ரோஜா: இல்லை. நீலகிரித் தைலம்: குளிர்ச்சி மட்டும்.

ஜெரோம் நேற்று வந்து இறங்கினான். மூக்கு விஷயத்தை நானே சொன்னேன். “அப்பா, என்கிட்ட ஏன் சொல்லல?” என்று சண்டைக்கு வந்தான். “நீ கல்யாணத்தைச் சொன்னியா?” என்றேன். அதோடு முடிந்தது.

இனிமேல் கறிச் சரக்கு என்ன செய்வது என்று மூவரும் பேசினோம். முசே லெயோன் மாதிரி பழைய ஆட்கள் இருக்கும்வரை கொஞ்சமாகப் போடுவேன், திலகா முகர்ந்து சொல்வாள். மீதியெல்லாம் பலா, காளான், முந்திரி. ஆடிக்குள் பிஞ்சு முடிந்துவிடும். இப்போதே வேகவைத்து உறையப் போட வேண்டும், அதற்குப் பெரிய ஐஸ்பெட்டி பார்க்க வேண்டும். புது வடகமும் போட வேண்டும், புஷ்பத்தின் ஜாடி பாதிக்குக் கீழே போய்விட்டது. வெயில் நன்றாக அடிக்கிறது. நாளைக்கே வெங்காயம் வாங்குகிறேன்.

காலையில் நடந்ததை எழுதிவிடுகிறேன். பூசை முடிந்து வந்து, கடையில் உட்கார்ந்து மதாமின் பணியாள் கொண்டுவந்த காலி ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை, ரொட்டியால் வழித்துத் தின்றிருக்கிறார்கள். உள்ளே ஜெரோமும் திலகாவும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஜாடியோ ஏழாவதோ, நான் என்னையறியாமல் குரல் கொடுத்தேன்.

“ஏம்மா, அடுப்புல பாலப் பாரு, தீயுது.”

உள்ளே பேச்சு நின்றது. அடுப்பை அணைக்கும் சத்தம். திலகா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். நெற்றியில் பொட்டு கலைந்திருந்தது.

“என்ன மாமா சொன்னீங்க?”

“பால் தீயு…”

துணி என் கையிலிருந்து விழுந்தது. மறுபடி இழுத்துப் பார்த்தேன். ஒரு நூலளவு வாசனை. பிடிப்பதற்குள் போய்விட்டது. இன்னும் இரண்டு முறை இழுத்தேன். இல்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள், நகர்ந்தால் அது ஓடிவிடும் என்பது போல.

“போய்டுச்சு” என்றேன்.

“வரும் மாமா” என்றாள். “வேற பால் வாங்கிட்டு வந்து காப்பி போடறேன், இருங்க.”

“வேற பால் வேணாம். அதுலயே போடு.”

போட்டாள். மகா மட்டமான காப்பி. இரண்டு டம்ளர் குடித்தேன்.